காற்று வளவில் நீலப் பூ

என் மனைவியின் காக்காவிடம், அவளுடைய மூத்த சகோதரரிடம், ஒரு பழைய லொறி இருந்தது. மலைநாட்டில் மரக்கறி ஏற்றிக் கல்முனைச் சந்தையில் இறக்குவது அவருடைய தொழில். வயலில் வேலை இல்லாத மாதங்களில் என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவார். வழி முழுவதும் அவர் பேசிக்கொண்டே வருவார், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

"உன்னக் கூட்டிட்டு வாறதும் ஒரு மூட கிழங்க ஏத்திட்டு வாறதும் ஒண்டுதான் மச்சான்" என்பார். "கிழங்காவது வளைவுல ஒருக்கா உருளும்."

நான் சிரிப்பேன். அதற்கு மேல் எனக்கு வராது. சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபோது எனக்கு ஏற்பட்ட ஒரே சந்தோஷம், இனி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான்.

எங்கள் கரையைச் சூறாவளி அடித்துப்போட்ட பிறகு வந்த ஆண்டுகள் அவை. நிந்தவூரில் எங்கள் வீட்டுக்குக் கடல் பக்கமாக இருந்த தென்னைகள் எல்லாம் அன்று ஒரே திசையில் தலைவைத்துப் படுத்துவிட்டன. அதற்குப் பிறகு கொஞ்சம் பலமாகக் காற்று வீசினாலும் நான் நிமிர்ந்து ஓலைகளைப் பார்ப்பேன். ஓலையே இல்லாத இடங்களிலும் பார்ப்பேன்.

மலைநாட்டில் நாங்கள் லீக்ஸும் கரட்டும் ஏற்றுகிற இடத்துக்குப் பின்னால் ஒரு மேடு. மேட்டில் ஒரு பெரிய பங்களா. அதன் தோட்டத்துக்கு மதில் கிடையாது, இடுப்பளவு கல்வரிசை மட்டும்தான். அந்த மேட்டில் வீசும் காற்று ஈரத்தோடும் குளிரோடும் இருக்கும். சாரத்தின் மேல் சாக்கைச் சுற்றிக்கொண்டு லொறியின் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன், பற்கள் ஒன்றோடொன்று அடிக்கும். அப்படி ஒரு காலையில்தான் அந்தப் பூவைக் கண்டேன்.

கல்வரிசை நெடுக வெங்காயத் தாள் போன்ற இலைகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அவற்றின் நடுவே இடுப்பு உயரத்துக்கு மெல்லிய தண்டுகள். ஒவ்வொரு தண்டின் நுனியிலும் சின்னச் சின்னப் பூக்கள் ஒன்றாகக் கூடி ஓர் உருண்டையாக நின்றன. நீல நிறம். எங்கள் ஊரில் அந்த நீலத்தைக் கடலில் மட்டும்தான் பார்க்கலாம், அதுவும் சில காலைகளில்தான். காற்று வந்து அந்தத் தண்டுகளைக் கல்லில் தலைமுட்டும்படி வளைத்தது. விட்டதும் அவை எழும்பி நின்றன. மறுபடி வளைத்தது, மறுபடி எழும்பின. நான் தார்ப்பாயை விட்டுவிட்டேன். அது பறந்து மச்சானின் முகத்தில் போர்த்தியது.

அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் பார்ப்பேன். அங்கே ஒரு தோட்டக்காரர் இருந்தார். அவரிடம் ஒரு செடி கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டு போய், ஒவ்வொரு தடவையும் கேட்காமலே திரும்பி வந்தேன். ஒருநாள் அவர் பாதையோரத்துச் செடிகளை வெட்டி எடுத்துக் கல்வரிசைக்கு வெளியே குவித்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றதை மச்சான் கவனித்துவிட்டார்.

"ஐயா!" என்று கீழே இருந்தே கத்தினார். "எங்கட மச்சானுக்கு உங்கட பூவுல ஆசையாம். வாய மட்டும் ஊர்ல வச்சிட்டு வந்திட்டாரு."

தோட்டக்காரர் சிரித்தார். "எடுத்துட்டுப் போங்க அண்ணே. பாதைய மறைக்குதுன்னு வெட்டிப் போட்டதுதான்."

"இதுக்கு என்ன பேர்?" என்று மச்சானே கேட்டார்.

"அகபாந்தஸ்னு தொரை வீட்ல சொல்லுவாங்க. காத்துல கெடந்தா போதும். ஒண்ணும் செய்ய வேணாம்."

மச்சான் அந்தப் பெயரைப் பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே லொறியை ஓட்டினார். மலை இறங்கி முடிவதற்குள் அது வேறு ஏதோ பெயராக மாறிவிட்டது. எங்கள் வீட்டில் அது நீலப் பூ என்றே நிலைத்தது. அதுகூடப் பிறகுதான். முதல்நாள் என் மனைவி சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னது வேறு.

"இவ்வளவு தூரம் போய் வெங்காயத் தாளா கொண்டு வந்திரிக்கீங்க?"

"பூ" என்றேன்.

"எங்க பூ?"

"வரும்."

அவள் தன் காக்காவைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

நான் வெள்ளாமைக்காரன். சாகாமத்தில் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயலில்தான் என் வாழ்க்கையில் பாதி போயிருக்கிறது. ஒன்றும் செய்யாமல் விளைகிற பயிரை நான் கண்டதில்லை. தோட்டக்காரர் சொன்னது என் காதில் விழுந்ததுதான், ஆனால் விருந்தாளி "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்வதைப் போல, மரியாதைக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். கிணற்றடியில் மண்ணைக் கொத்திச் சமப்படுத்தினேன். குளிக்கிற தண்ணீர் வந்து நிற்கும்படி வரம்பு கட்டினேன். மாட்டெரு போட்டேன். வேலி ஓரமாகத் தென்னோலைக் கிடுகு கட்டிக் காற்றை மறைத்தேன். செடிகள் ஒன்றை ஒன்று தொடுகிற அளவுக்குப் பெருத்தபோது, நாற்றுப் பிடுங்குவது போலப் பிடுங்கி, பிரித்து, இடைவெளி விட்டு நட்டேன். அடுத்த ஆண்டும் அப்படியே.

இலைகள் மினுமினுத்தன. வந்தவர்கள் எல்லாம் இது என்ன வெங்காயம் என்று கேட்டார்கள். பூ மட்டும் வரவில்லை.

"உங்கட வாப்பாட வெங்காயத்துக்கு எப்ப கலியாணம்?" என்று மனைவி பிள்ளைகளிடம் கேட்பாள். ஆனால் வேறு யாராவது கேலி செய்தால் அவளுக்குப் பிடிக்காது. "மலைநாட்டுச் செடி. அதுக்குப் பழக்கம் வர வேணாமா?" என்று முகத்தை வெட்டிக்கொண்டு சொல்வாள்.

மச்சான் ஒருநாள் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "அந்தாள்தான் ஒண்டும் செய்ய வேணாம் எண்டு சொன்னானே மச்சான்."

"ஒண்டும் செய்யாம என்னண்டு மச்சான்?"

"அது எனக்குத் தெரியா. நான் லொறிக்காரன்."

மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுக்கு. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்ணின் தாயும் தகப்பனும் அடுத்த பிள்ளைகளோடு வேறு இடத்துக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். நானும் அப்படி மாப்பிள்ளையாக அந்த வீட்டுக்குள் வந்தவன்தான். எனக்காக என் மாமாவும் மாமியும் ஒதுங்கினார்கள். என் முறை வந்தபோது எனக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. என் மனைவிக்கோ அது பிறந்த வீடு. அவள் அங்கேதான் தவழ்ந்தாள், அங்கேதான் மணமகளாக உட்கார்ந்தாள், நாற்பது வயது வரைக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தாள்.

எங்களுக்கு இருந்த மற்ற நிலம் கடற்கரை ஓரமாக ஒரு மணல் வளவு. சூறாவளிக்கு முன்னால் அது தென்னந்தோப்பு. பிறகு அங்கே மிஞ்சியது இரண்டு தென்னைகளும் மற்றவற்றின் அடிக்கட்டைகளும்தான். இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டி, இளைய மகளோடு அங்கே போனோம்.

அந்த வளவில் குடியிருந்த முதல் உரிமைக்காரன் காற்றுதான். வெயில் மாதங்களில் கச்சான் காற்று தரைப்பக்கம் இருந்து மணலை அள்ளிக்கொண்டு வந்து சோற்றில் போடும். மாரி தொடங்கினால் வாடைக்காற்று. அது கடலில் இருந்து நேராக வரும். மழையும் உப்பும் கலந்து, கதவிடுக்கால் உள்ளே நுழையும். கொடியில் போட்ட துணி காயாது. மலைநாட்டுக் குளிருக்கு அது ஈடாகாதுதான், ஆனாலும் எங்களைப் போல வெயிலில் பழகிய உடம்புக்கு அது போதும். நானே சாக்கைத் தேடினேன்.

வீடு மாறும்போது மனைவி பழைய வீட்டில் இருந்து ஒன்றையும் எடுக்கவில்லை. "வீட்டோட சாமான் வீட்டோட இரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். கோழிகளையும் கூட்டையும் மட்டும் கொண்டு வந்தாள். நான் என் செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் கட்டினேன். ஒரு பற்றை மட்டும் கிணற்றுக் கட்டின் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. வேர் கல்லுக்குள் போயிருந்ததால் அதை நான் ஓர் ஆண்டும் பிரித்து நட்டதில்லை. அதை விட்டுவிட்டுப் போகலாம் என்று இருந்தேன்.

"புது மாப்புள குளிக்கிற இடத்துல இந்தக் குப்பையையும் வச்சிட்டுப் போறதா?" என்று மனைவி அலவாங்கை எடுத்துக் கிண்டி, அதை மண்ணும் கல்லுமாகப் பெயர்த்து, அடி ஓட்டையான ஒரு சருவச்சட்டிக்குள் வைத்துக் காலால் மிதித்து அமுக்கினாள். சட்டிக்குள் விரல் நுழைய இடமில்லை. அவளுடைய கோபம் முழுவதும் அந்த மிதியில் இருந்தது.

புது வளவில் கோழிக்கூட்டின் கூரைத் தகரம் காற்றுக்குப் படபடவென்று அடித்தது. மனைவி அந்தச் சட்டியைத் தூக்கித் தகரத்தின் கடல்பக்க மூலையில் பாரத்துக்கு வைத்தாள். தகரம் அடங்கியது. அதோடு அந்தச் சட்டியை நாங்கள் மறந்துவிட்டோம்.

என் செடிகளை நான் மறக்கவில்லை. குசினிக்குப் பின்னால் மூன்று பக்கமும் கிடுகு கட்டி மறைத்து, எருவும் செம்மண்ணும் கொண்டுவந்து கொட்டி, வரிசையாக நட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். வாடை கிடுகைப் பிய்த்தது, மறுபடி கட்டினேன். ஆடுகள் புகுந்தன, துரத்தினேன்.

மனைவி அந்த வளவில் தங்கவில்லை. படுக்க மட்டும்தான் வந்தாள். சுபஹ் தொழுதுவிட்டுச் சோறு கறி ஆக்கி மூடி வைப்பாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூத்தவளின் வீட்டுக்குப் போய்விடுவாள். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பிறகுதான் திரும்புவாள். அங்கே போய் முருங்கைக்கு முட்டுக்கொடுப்பாள், கிணற்றடியைக் கூட்டுவாள், வாசல் படியில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களோடு பேசுவாள். கட்டில் இந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும், அரிசிப் பெட்டி அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்பாள். மகளும் ஓம் உம்மா, ஓம் உம்மா என்பாள். புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசக்கூட அந்த வீட்டில் இடமில்லாமல் போனது.

ஓர் ஆண்டு இப்படிப் போனது. அடுத்த வாடையும் தொடங்கிவிட்டது.

மருமகனின் உம்மா நல்ல மனுஷிதான், ஆனால் சொல் கூர்மை. மௌலூது ஓதிய ஒரு வீட்டில் பத்துப் பெண்களுக்கு முன்னால் என் மனைவியிடமே கேட்டாளாம்: "மச்சி, நீங்க என்ட மகனுக்கு வீட்டக் குடுத்தீங்களா, இல்ல காவலுக்கு வச்சிரிக்கீங்களா?"

மனைவி இதை என்னிடம் சொல்லவில்லை. இளைய மகள்தான் சொன்னாள்.

பிறகு ஒரு பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு, மருமகன் தனியாக எங்கள் வளவுக்கு வந்தார். கல்முனையில் தையல் கடையில் வேலை. என்னைப் போலவே பேசாதவர். நாங்கள் இருவரும் ஒரு தென்னங்கட்டையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம்.

"மாமா."

"ஓம்."

"காத்து கூடவா இரிக்கி."

"ஓம்."

கோழிகள் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயின. அவர் ஒரு குச்சியால் மணலில் கோடு கிழித்துக்கொண்டே சொன்னார்.

"உம்மா சொல்றா, நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நாளைக்கு அங்க வந்து இரிக்கட்டாம்."

"மகள் என்ன சொல்றா?"

"அவ அழுறா. மாமிட்ட சொல்ல ஏலாது எண்டு சொல்றா. நானும் எப்படிச் சொல்ற?"

எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குத் திரும்பிப் போனால், அந்தக் கலியாணம் உடைந்துவிட்டது என்றுதான் ஊர் சொல்லும். அவர்கள் ஒன்றாக, சந்தோஷமாகப் போனாலும் அப்படித்தான் சொல்லும். அதற்குப் பிறகு இளையவளுக்கு மாப்பிள்ளை கேட்டு யார் வருவார்கள்? "சாகாமத்துல வெள்ளாம வெட்டு முடியட்டும் மகன்" என்றேன். "வெட்டு முடிஞ்சி வந்து நான் பேசுறன்." அவர் ஓம் என்றார். நான் பேசுவேன் என்று அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

ஆனாலும் வயலுக்குப் போவதற்கு முதல்நாள் பேசிப் பார்த்தேன். மனைவி மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான் போயிருவன். நீங்க இஞ்சேயே இருங்களன்."

"இஞ்சேயா?" அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "இந்த வளவுல நான் என்னத்தப் பாத்துக்கிட்டு இரிக்கிற? காத்தையா? உங்கட வெங்காயத்தையா? அங்க என்ட முருங்க இரிக்கி, என்ட கிணறு இரிக்கி. இஞ்ச எனக்கு எண்டு என்ன இரிக்கி, சொல்லுங்க பாப்பம்."

மருமகன் வந்து சொன்னதையும் சொல்லிவிட்டேன். அவள் எழும்பி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க வயலுக்குப் போனா நான் சின்னவளையும் கூட்டிட்டு அங்கதான் போய் இரிப்பன். ஆரு என்னைய வெளியில போடுறா பாப்பம்" என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் சாகாமத்துக்குப் போனேன். விளைச்சல் நன்றாக இருந்தது. மற்றவர்கள் வயல் குடிசையான வாடியில் உட்கார்ந்து பாட்டும் பகிடியுமாகச் சாப்பிட்டார்கள். நான் பாதிச் சோற்றோடு எழும்பிவிடுவேன். தாக்கத்தி கதிரை அறுத்துக்கொண்டே போகும், மனம் மூத்தவளின் வீட்டு வாசலிலேயே நிற்கும். அங்கே சம்பந்தி வருவது போலவும், என் மனைவி படியில் குறுக்கே உட்கார்ந்திருப்பது போலவும், மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவது போலவும் மாறிமாறித் தோன்றும். என்ன பேசுவது என்று வரப்பில் நின்று தனியாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வயல்காரன் யாரோடு கதைக்கிறாய் என்று கேட்டான்.

சூடடித்து முடிந்ததும் நெல்லை உழவு இயந்திரத்தில் அனுப்பிவிட்டு, அக்கரைப்பற்றுக்கு வந்து பஸ் ஏறி நிந்தவூரில் இறங்கினேன். முற்பகல் வெயில். தோளில் மண்வெட்டி. முதலில் மூத்தவளின் வீட்டுக்குத்தான் போனேன்.

வேலிக் கடப்பு மூடியிருந்தது. வாசல் கதவில் பூட்டுத் தொங்கியது.

அந்த வீடு பகலில் பூட்டிக் கிடந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கலியாணம் முடித்து வந்த நாளில் இருந்து ஒரு நாளும் இல்லை. கிணற்றுக் கயிறு சுருட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. முருங்கையின் கீழே சருகு கூட்டப்படாமல் கிடந்தது. அப்படியானால் என் மனைவியும் இங்கே வரவில்லை. போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பிள்ளைகள் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் அவமானத்தில் எங்கேயாவது முடங்கிக் கிடக்கிறாள்.

எதிர்வீட்டில் ஒரு பெண் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்வாள், அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு நான் தெருவில் நிற்க வேண்டும். கடற்கரைப் பாதையில் இறங்கி நடந்தேன். மணல் சூடு காலில் தெரியவில்லை.

எங்கள் வளவை நெருங்கியபோது சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு பெண்களின் பேச்சுச் சத்தம். நடுவில் என் மனைவியின் குரல், அதிகாரத்தோடு.

"அந்தக் கம்ப இன்னும் கொஞ்சம் கிட்ட போடுங்க மகன். ஆட்டுக்குக் கழுத்து நீளம்."

மருமகன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கோழிக்கூட்டைச் சுற்றி வேலிக் கம்பு அடித்துக்கொண்டிருந்தார். மூத்தவள் கம்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இளையவள் ஓர் ஆட்டைத் தெருவரைக்கும் துரத்திக்கொண்டு ஓடினாள். பக்கத்து வளவுப் பெண்கள் இரண்டு பேர் வாயில் வெற்றிலையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கூட்டின் தகரத்தில், கடல்பக்க மூலையில், அந்த ஓட்டைச் சருவச்சட்டிக்குள் இருந்து ஒரு தண்டு எழும்பி நின்றது. அதன் நுனியில் நீலம்.

மலைநாட்டில் கண்ட அளவு பெரிதில்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் அடங்கும். ஆனாலும் அதே நிறம். வாடையின் கடைசிக் காற்று கடலில் இருந்து வந்து அதைத் தகரத்தோடு வளைத்தது. காற்று விட்டதும் அது எழும்பி நின்றது.

மனைவி திரும்பி என்னைக் கண்டாள்.

"அங்கேயே நில்லுங்க!" என்றாள். "முதல்ல அந்த மண்வெட்டியக் கீழ வைங்க."

வைத்தேன்.

"பிரிச்சு நடுறன் எண்டு இதுல ஒருத்தரும் கை வைக்கப்படாது. சொல்லிட்டன்."

பெண்கள் சிரித்தார்கள். மூத்தவள், "வாப்பா மெலிஞ்சிட்டாரு உம்மா" என்றாள். "மெலியட்டும். வெங்காயத்துக்கு எரு சுமந்ததுல வந்த உடம்பு" என்றாள் மனைவி. நான் தென்னங்கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் இருவரும் இங்கே இருக்கிறார்கள். பெட்டி எங்கும் போகவில்லை. பூட்டுக்குக் காரணம் ஒரு பூ. தண்ணீர் கேட்டு வாங்கி, செம்பு முழுவதையும் குடித்தேன்.

பிறகு இளைய மகள்தான் நடந்ததைச் சொன்னாள். நான் வயலுக்குப் போன மறுநாள் மனைவி போவதற்குத் துணிமணிகளைக் கட்டி வைத்துவிட்டு, முட்டை எடுக்கக் கூட்டுக்குப் போயிருக்கிறாள். சட்டிக்குள் இலைகளுக்கு நடுவே வாழைப்பூப் பொத்தி போலக் கூராக, தோல் மூடிய ஒன்று கிளம்பியிருந்தது. என்னவென்று அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆடு கூட்டின் மேல் காலை வைத்துக் கழுத்தை நீட்டியது. அதைத் துரத்தினாள். திரும்பினால் மற்ற ஆடு. அன்றைக்குப் போகவில்லை. அடுத்த நாள் தண்டு நீண்டிருந்தது, அன்றைக்கும் போகவில்லை. உம்மாவைக் காணவில்லையே, சுகமில்லையோ என்று பயந்து மூத்தவள் ஓடி வந்தாள். அவளை உட்காரவைத்துச் சோறு போட்டாள். பின்னேரம் மருமகனும் தேடி வந்தார். அதற்குப் பிறகு அவர்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். அன்று வெள்ளிக்கிழமை, கடை இல்லை.

"மெத்தக் கவனிச்சதெல்லாம் அங்க இலையா நிக்கிது" என்றாள் மனைவி, என் கிடுகு மறைப்பைக் கையால் காட்டி. "மிதிச்சுப்போட்ட இது பூத்திரிக்கி."

தோட்டக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. காற்றில் கிடந்தால் போதும், ஒன்றும் செய்ய வேண்டாம். அன்று பின்னேரமே கிடுகுகளை அவிழ்த்து அடுப்புக்குக் கொடுத்தேன்.

அதே பின்னேரம் சம்பந்தியும் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. ஊரில் கேள்விப்பட்டு வந்தாள். என் மனைவி பாய் விரித்து, தேத்தண்ணியும் தொதலும் வைத்தாள். வீடு மாறியதில் இருந்து அந்தப் பாயை விரித்ததை நான் பார்த்ததில்லை.

சம்பந்தி கூட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். பூவைத் தொட்டுப் பார்த்தாள், மணந்து பார்த்தாள். "மணமில்லையே" என்றாள்.

"கண்ணுக்குத்தான் மச்சி அது."

"என்னகா நிறம் இது! வானத்தக் கிள்ளி வச்ச மாதிரி." பிறகு மெதுவாக, "எனக்கும் ஒரு துண்டு உடைச்சித் தாங்களன் மச்சி" என்றாள்.

நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். மருமகனும் பார்த்தார்.

"பிரிச்சா இது பூக்காது மச்சி" என்றாள் என் மனைவி. குரலில் சண்டை இல்லை. "ஆசை வாற நேரமெல்லாம் எங்கட வீட்டுக்கு வந்து பாருங்க. அங்க அவங்க ரெண்டு பேரும் அவங்கட பாட்டுல இரிக்கட்டும். நீங்க இஞ்ச வாங்க."

எங்கட வீடு என்று அந்த இடத்தை அவள் சொன்னது அதுதான் முதல்தடவை. சம்பந்தி அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தேத்தண்ணியை எடுத்து ஊதிக் குடித்தாள். "காத்தோட்டமான வளவுதான்" என்றாள்.

"காத்து எண்டா காத்து!" என்றாள் என் மனைவி, தானே அதை விலை கொடுத்து வாங்கி வந்தவள் போல.

மஃரிபுக்கு முன்னால் அவர்கள் புறப்பட்டார்கள். கடப்படியில் நின்று மூத்தவள், "உம்மா, நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்டாள்.

"பாப்பம் மனே. இஞ்ச வேலை கிடக்கு. வாற கிழமை ஒருநாளைக்கு வாறன். முருங்கக்காய் முத்திப் போயிரும், நீயே ஆஞ்சி எடு."

மகள் சிரித்துக்கொண்டே நடந்தாள். சம்பந்தி முன்னால் போனாள். மருமகன் சுத்தியலை என்னிடம் தந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

"மாமா."

"ஓம்."

"காத்து கொறஞ்சிரிக்கி."

"ஓம்" என்றேன்.

கொஞ்சமும் குறையவில்லை. நாங்கள் இருவரும் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டுதான் நின்றோம்.